இத்தாலியிலிருந்து கடல் கடந்தவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சிலர் கூடி உலக வரலாறு பேசுவோம். இத்தாலியை விட்டு அமெரிக்கக் கண்டங்களுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பிழைக்கப் போனவர்களைப் பற்றி நான்கு வாரம் பேசினேன். கூட்டம் முடிந்து எல்லாரும் செருப்பு மாட்டும் நேரத்தில்தான் கேள்விகள் வரும். ஆள் மாறினாலும் கேள்விகள் மாறவில்லை. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றின் மேல் நிற்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

மொத்தம் எத்தனை பேர் போனார்கள்? ஆயிரக்கணக்கிலா, லட்சக்கணக்கிலா?

கோடிக்கணக்கில். இத்தாலிய அரசு 1876-இல் கணக்கெடுக்கத் தொடங்கியது. அந்த ஆண்டு முதல் 1915 வரை ஏறக்குறைய 1.4 கோடிப் புறப்பாடுகள் பதிவாயின. 1913-இல் மட்டும் சுமார் 8.7 லட்சம். அப்போது இத்தாலியின் மக்கள்தொகை 3.5 கோடி அளவில் இருந்தது. நாற்பது பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில், அந்த ஒரே ஆண்டில் மூட்டை கட்டியிருக்கிறார்கள். 1976 வரையிலான நூறாண்டுக் கணக்கைப் பார்த்தால் சுமார் 2.6 கோடி.

இந்த எண்களைப் படிக்கும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். எண்ணப்பட்டது புறப்பாடு. ஒருவரே மூன்று முறை போய் வந்திருந்தால் மூன்றாகத்தான் கணக்கு. மேலும், இதில் பெரும் பங்கினர் பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, ஜெர்மனி போன்ற பக்கத்து நாடுகளுக்குப் போனவர்கள். கடல் கடந்தவர்களைப் பற்றி மட்டுமே இங்கே பேசுகிறேன்.

பசியால் போனார்கள் என்கிறீர்கள். அதற்கு முன்பு அங்கே பசியே இல்லையா?

இருந்தது. நான்கு வாரத்தில் என்னிடம் வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பசி பழையது; அதிலிருந்து தப்பிக்கும் வழி புதியது. 1861-இல் பல அரசுகள் ஒன்றாகி இத்தாலி என்ற நாடு பிறந்தது. புதிய அரசு 1869 முதல் மாவு அரைப்பதற்கே வரி போட்டது. தன் வயலில் விளைந்த கோதுமையைத் திரிகையில் கொட்டும் ஏழையும் அதைக் கட்டியாக வேண்டும். 1880-களில் நீராவிக் கப்பல்களில் அமெரிக்கக் கோதுமை வந்து இறங்க, உள்ளூர் விலை சரிந்தது. திராட்சைக் கொடிகளின் வேரைத் தின்னும் பூச்சி பரவியது. 1887-இல் பிரான்சுடன் வணிகச் சண்டை மூண்டதும் தெற்கின் ஒயினை வாங்க ஆளில்லாமல் போனது.

வடக்கே வெனெத்தோ பகுதியில் நிலைமை வேறு விதமாகக் கொடியது. அங்கே கூலிக்காரரின் வீட்டில் காலையும் மாலையும் மக்காச்சோளக் களிதான். வேறெதுவும் சேராமல் அதையே தின்றவர்களுக்குப் பெலாக்ரா என்ற சத்துக்குறைவு நோய் வந்தது. வெயில் படும் கையும் கழுத்தும் தோலுரியும், பிறகு வயிற்றுப்போக்கு, கடைசியில் புத்தி தடுமாறும். வயிறு நிறையச் சாப்பிட்டும் உடம்பு நசிந்துபோன மக்கள் அவர்கள். கோதுமை விலையைச் சரித்த அதே நீராவிக் கப்பல்தான் இவர்களை ஏற்றிச் செல்லும் வண்டியாகவும் ஆனது.

எல்லாரும் சிசிலிக்காரர்கள்தானே?

இல்லை. முதல் அலையில் வடக்கத்தியர்களே அதிகம். லிகூரியா, பியெட்மாண்ட் பகுதிகளிலிருந்து அர்ஜென்டினாவுக்கும், வெனெத்தோவிலிருந்து பிரேசிலுக்கும் போனார்கள். 1890-களுக்குப் பிறகே சிசிலி, கலாப்ரியா, நேபிள்ஸைச் சூழ்ந்த கம்பானியா, பசிலிகாத்தா ஆகிய தெற்குப் பகுதிகள் முந்தின. அவர்கள் பெரும்பாலும் போனது அமெரிக்க ஐக்கிய நாட்டுக்கு. நியூயார்க்கும் திரைப்படங்களும் நம் கண்ணில் பதிந்துவிட்டதால் தெற்கு மட்டும் நினைவில் நிற்கிறது.

இன்னொன்று, அவர்கள் நாடு பார்த்துப் போகவில்லை. ஆள் பார்த்துப் போனார்கள். அண்ணன் எங்கே இருக்கிறானோ அங்கே தம்பி. ஜெனோவாக்காரர்கள் புவெனோஸ் அயர்ஸ் துறைமுகத்தை ஒட்டிய லா போகாவில் குடியேறினார்கள். 1905-இல் அங்கே பிறந்த போகா ஜூனியர்ஸ் கால்பந்து அணியை இன்றும் 'செனெய்சே' என்றே அழைக்கிறார்கள். ஜெனோவாக்காரர் என்பதற்கு அவர்கள் வட்டார மொழிச் சொல் அது. நியூயார்க்கில் நேபிள்ஸ்காரர்களுக்கு மல்பெரி தெரு, சிசிலிக்காரர்களுக்கு எலிசபெத் தெரு.

சாப்பாட்டுக்கே வழியில்லாதவனுக்குக் கப்பல் டிக்கெட் வாங்கப் பணம் ஏது?

அதனால்தான் பரம ஏழைகள் முதலில் போகவில்லை. விற்பதற்கு ஒரு கழுதையோ துண்டு நிலமோ இருந்தவன் போனான். இல்லாதவன் வட்டிக்கு வாங்கினான். பிறகு, முன்னால் போனவர்கள் அங்கிருந்தே டிக்கெட் எடுத்து அனுப்பத் தொடங்கினார்கள். பிரேசிலின் சாவோ பாலோ மாநிலமோ குடும்பத்தோடு வந்தால் கப்பல் செலவை ஏற்பதாகச் சொன்னது. அதற்கு என்ன காரணம் என்பதைப் பிரேசில் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

அமெரிக்காவில் 'பத்ரோனே' என்ற தரகர் இருந்தார். நம்மவர்களுக்குக் கங்காணி என்றால் உடனே புரியும். அதே ஊர்க்காரர், அதே மொழிக்காரர். வேலை பிடித்துக் கொடுப்பார், தங்க இடம் காட்டுவார், கடிதம் எழுதித் தருவார். ஒவ்வொன்றுக்கும் கூலியில் பிடித்துக்கொள்வார். ரொட்டியும் அவர் சொல்லும் கடையில், அவர் சொல்லும் விலைக்கு. வெளிநாட்டில் வைத்தே ஒப்பந்தக் கூலிகளைப் பிடிப்பதை அமெரிக்கா 1885-இல் சட்டம் போட்டுத் தடுத்தது. ஆனால் மொழி தெரியாமல் வந்து இறங்குபவனுக்குத் தரகரை விட்டால் கதி இல்லை என்பதால் அந்த முறை இன்னும் பல ஆண்டுகள் ஓடியது.

கப்பலில் எத்தனை நாள்? எப்படி இருந்தது?

நியூயார்க்குக்கு ஏறக்குறைய இரண்டு வாரம், புவெனோஸ் அயர்ஸுக்கு மூன்று வாரம் வரை. மூன்றாம் வகுப்பு என்பது நீர்மட்டத்தை ஒட்டிய அடித்தளம். அடுக்கடுக்காகப் படுக்கைகள், காற்று குறைவு, வாந்தி நாற்றம். 1901-இல் இத்தாலி கொண்டுவந்த குடிபெயர்வுச் சட்டம் கப்பல் நிறுவனங்களுக்கு உரிமம் கட்டாயம் என்றது, தரகர்களுக்குக் கடிவாளம் போட்டது, மருத்துவக் கண்காணிப்பையும் கொண்டுவந்தது. அதற்கு முன்பு பயணிகளைக் காப்பாற்றக் கடவுள்தான்.

போய்ச் சேராதவர்களும் உண்டு. 1891 மார்ச் 17 அன்று 'உத்தோபியா' கப்பல் ஜிப்ரால்டர் துறைமுகத்தில் ஒரு போர்க்கப்பலின் முன்பகுதியில் மோதி மூழ்கியது. 560-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1906-இல் ஸ்பெயின் கடற்கரைக்கு அருகே பாறையில் மோதிய 'சிரியோ', 1927-இல் பிரேசில் கடலில் மூழ்கிய 'பிரின்சிபெஸ்ஸா மஃபால்டா' ஆகியவையும் நூற்றுக்கணக்கானோரைக் கொண்டுபோயின.

எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றி எழுதிவிட்டார்களாமே?

பலரும் உறுதியாக நம்பும் கதை, ஆனால் உண்மையல்ல. நியூயார்க் துறைமுகத்தில் இருக்கும் எல்லிஸ் தீவுச் சோதனைச் சாவடி 1892 ஜனவரி 1 அன்று திறந்தது. அங்கிருந்த அதிகாரி புதிதாகப் பெயர் எதையும் எழுதவில்லை. கப்பல் புறப்பட்ட துறைமுகத்தில் கப்பல் நிறுவனத்தார் தயாரித்த பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்த்தார், அவ்வளவுதான். மொழிபெயர்ப்பாளர்களும் உடனிருந்தார்கள். பெயர்கள் மாறியது பிறகு: பள்ளிக்கூடத்தில், தொழிற்சாலைச் சம்பளப் பதிவேட்டில், அல்லது 'ஜுசெப்பே' என்று கூப்பிட வராத அக்கம்பக்கத்தாருக்காக 'ஜோ' என்று தாமே வைத்துக்கொண்டதில்.

அங்கே அவர்கள் உண்மையில் அஞ்சியது வேறு ஒன்றுக்கு. பூட்ஸ் பொத்தான் மாட்டும் சிறு கொக்கியாலோ விரலாலோ மருத்துவர் மேல் இமையை வெளிப்புறமாகப் புரட்டிப் பார்ப்பார். டிரக்கோமா என்ற கண்நோய் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சந்தேகப்பட்டவர்களின் மேல்சட்டையில் சுண்ணக்கட்டியால் ஓர் எழுத்து விழும்: கண்ணுக்கு ஒன்று, இதயத்துக்கு ஒன்று, நொண்டலுக்கு ஒன்று. திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்தான். ஆனால் குடும்பத்தில் ஒரு குழந்தைக்கு அந்தக் குறி விழுந்தால், யார் உள்ளே போவது, யார் குழந்தையோடு திரும்புவது என்று அந்த மண்டபத்திலேயே முடிவெடுக்க வேண்டும்.

பிரேசில் எதற்காக டிக்கெட் செலவு செய்து ஆள் பிடித்தது?

பிரேசில் 1888 மே 13 அன்று அடிமை முறையை ஒழித்தது. காப்பித் தோட்டக்காரர்களுக்கு உடனே கைகள் வேண்டியிருந்தன. விடுதலை பெற்றவர்களுக்கு நியாயமான கூலி கொடுத்து வைத்துக்கொள்வதைவிட ஐரோப்பாவிலிருந்து குடும்பங்களை இறக்குவது அவர்களுக்கு உவப்பாக இருந்தது. அடிமைகளின் இடத்தில்தான் இத்தாலியர்களை நிறுத்தினார்கள் என்பதை மறந்துவிட்டால் இந்த வரலாற்றில் எதுவுமே புரியாது.

சாண்டோஸ் துறைமுகத்தில் இறங்கியவர்களை ரயிலில் ஏற்றிச் சாவோ பாலோவின் பிராஸ் பகுதியில் இருந்த குடியேறிகள் விடுதிக்குக் கொண்டுவருவார்கள். அங்கேதான் தோட்டக்காரர்களோடு ஒப்பந்தம். இத்தனை ஆயிரம் காப்பிச் செடிகளைப் பராமரித்தால் இவ்வளவு என்று ஒரு குடும்பத்துக்குக் கூலி. செடி வரிசைகளுக்கு இடையே மக்காச்சோளமும் அவரையும் விதைத்துக்கொள்ளலாம். ஆனால் அபராதம், கூலி நிலுவை, தோட்டக் கடையில் கடன் என்று பலர் சிக்கிக்கொண்டார்கள். புகார்கள் ரோமை எட்டின. அரசு ஓர் ஆய்வாளரை அனுப்பி விசாரித்தது. 1902-இல் வெளியுறவு அமைச்சர் பிரினெத்தி, பிரேசில் கொடுக்கும் இலவச டிக்கெட்டில் ஆள் அனுப்புவதைத் தடை செய்தார்.

தெற்கே ரியோ கிராண்டே டோ சுல் மாநிலத்தில் கதை வேறு. அங்கே 1875 முதல் தவணையில் காட்டு நிலம் கொடுத்தார்கள். மரம் வெட்டி, கல் பொறுக்கி, திராட்சை நட்டார்கள். காஷியாஸ் டோ சுல், பென்டோ கோன்சால்வெஸ் ஆகிய ஊர்கள் இன்று பிரேசிலின் ஒயின் நாடு. அவர்கள் பேசும் 'தாலியான்' வெனெத்தோ வட்டார மொழியிலிருந்து வந்தது. அதைப் பிரேசில் 2014-இல் தன் பண்பாட்டுச் சொத்தாக ஏற்றுக்கொண்டது.

அர்ஜென்டினாவில் மட்டும் ஏன் அவ்வளவு இத்தாலியச் சாயல்?

எண்ணிக்கைதான் காரணம். இருபது லட்சத்துக்கும் மேல் போனார்கள், அதுவும் ஒப்பளவில் சிறிய மக்கள்தொகை கொண்ட நாட்டுக்கு. புவெனோஸ் அயர்ஸின் பேச்சில் விடைபெறும் சொல்லான 'சாவ்' இத்தாலிய 'சாவ்'தான். 'உழைப்பது' என்பதற்குச் சொல்லும் 'லபுரார்' இத்தாலிய 'லவொராரே'. ஒவ்வொரு மாதமும் 29-ஆம் தேதி உருளைக்கிழங்கு மாவு உருண்டையான 'ஞோக்கி' சமைத்து, தட்டுக்கு அடியில் ஒரு நோட்டை வைக்கும் பழக்கம் இன்றும் உண்டு. சம்பளத்துக்கு முந்தைய நாட்களில் உருளைக்கிழங்குதானே மிஞ்சும்.

இதைவிட எனக்கு வியப்பாக இருப்பது 'கொலோன்ட்ரினா'க்கள். தகைவிலான் குருவிக்கு ஸ்பானிய மொழியில் உள்ள பெயர் அது. இத்தாலியில் அறுவடை முடிந்ததும் கப்பலேறி, பூமியின் தென்பாதியில் கோடை நடக்கும் மாதங்களில் அர்ஜென்டினாவில் கோதுமை அறுத்து, வசந்தத்தில் ஊர் திரும்பிவிடுவார்கள். ஒரே ஆண்டில் இரண்டு அறுவடை, நடுவில் இரண்டு முறை அட்லாண்டிக் பெருங்கடல்.

போனவர்கள் எல்லாரும் முன்னுக்கு வந்தார்கள் அல்லவா?

முன்னுக்கு வந்தவர்களின் பெயர் நமக்குத் தெரியும், அதனால் அப்படித் தோன்றுகிறது. 1907 டிசம்பர் 6 அன்று மேற்கு வர்ஜீனியாவின் மோனோங்கா நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. அதிகாரபூர்வக் கணக்கில் இறந்தவர்கள் 362 பேர். அவர்களில் 171 பேர் இத்தாலியர்கள், பெரும்பாலும் மொலீசே, கலாப்ரியா பகுதிகளின் சில கிராமங்களைச் சேர்ந்தவர்கள். 'ஆள் பார்த்துப் போனார்கள்' என்று மேலே சொன்னேனே, அதன் இன்னொரு முகம் இது. ஒரே கிராமத்தார் ஒரே சுரங்கத்தில் இருந்ததால் ஒரே நாளில் பல வீடுகளில் இழவு.

1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கின் டிரையாங்கிள் தையல் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. ஒன்பதாம் மாடியில் ஒரு படிக்கட்டின் கதவு பூட்டியிருந்தது. 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் யூத, இத்தாலிய இளம்பெண்கள். அவர்களில் 14 வயதுச் சிறுமியரும் உண்டு.

அப்படியானால் வெற்றிக் கதையே இல்லையா?

உண்டு. எனக்குப் பிடித்த ஒன்று. லிகூரியாவிலிருந்து போன பெற்றோருக்குக் கலிபோர்னியாவில் பிறந்தவர் அமதேயோ ஜியானினி. காய்கறி, பழ மொத்த வியாபாரி. பெரிய வங்கிகள் கதவைத் திறக்காத மீன்காரர்களுக்கும் காய்கறிக்காரர்களுக்குமாக 1904-இல் சான் பிரான்சிஸ்கோவில் 'இத்தாலி வங்கி' தொடங்கினார். 1906 நிலநடுக்கத்தின்போது தீ நெருங்க, வங்கிப் பணத்தை வண்டியில் ஏற்றி ஆரஞ்சுப் பெட்டிகளை மேலே அடுக்கி மறைத்துக்கொண்டு போனார். சில நாட்களில் துறைமுகத்தில் இரண்டு பீப்பாய்களின் மேல் பலகை போட்டு, வீடு கட்டக் கடன் கொடுக்கத் தொடங்கிவிட்டார். அந்த வங்கிதான் பின்னாளில் பேங்க் ஆஃப் அமெரிக்கா ஆனது.

பெண்கள் என்ன ஆனார்கள்? கதை முழுக்க ஆண்களாகவே இருக்கிறார்களே?

முதல் உலகப் போருக்கு முன் அமெரிக்கா போன இத்தாலியர்களில் பத்துக்கு ஏறக்குறைய எட்டுப் பேர் ஆண்கள். அதனால் ஊரில் தங்கிய பெண்களின் கதையே பெரியது. கணவன் உயிரோடிருந்தும் இல்லாத அவர்களை 'வெள்ளை விதவைகள்' என்றார்கள். வயலைப் பார்த்தது, கடனை அடைத்தது, வந்த பணத்தில் நிலம் வாங்கியது, பிள்ளைகளை வளர்த்தது எல்லாம் அவர்கள். கடிதம் வரும், பணம் வரும். சில வீடுகளுக்கு ஒரு கட்டத்துக்குப் பிறகு இரண்டுமே வராது.

கடல் கடந்தவர்களில் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். லொம்பார்தியைச் சேர்ந்த கன்னியாஸ்திரி பிரான்செஸ்கா கப்ரீனி. சீனாவுக்குப் போக ஆசைப்பட்டவரைப் போப் பதின்மூன்றாம் லியோ மேற்கே அனுப்பினார். 1889-இல் நியூயார்க் வந்து இறங்கி, குடியேறிகளுக்காகப் பள்ளிகள், அனாதை இல்லங்கள், மருத்துவமனைகள் என்று 67 நிறுவனங்களை உருவாக்கினார். 1946-இல் புனிதர் பட்டம் பெற்றார். அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்களில் முதல் புனிதர் அவரே.

மாஃபியாவை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனவர்கள் இவர்கள்தானே?

குற்றக் கும்பல்கள் இருந்தன. ஆனால் அவற்றின் முதல் இரையும் இத்தாலியர்களே. 'கறுப்புக் கை' என்று கையொப்பமிட்ட மிரட்டல் கடிதங்கள் போனது இத்தாலிய ரொட்டிக் கடைக்காரருக்கும் மளிகைக்காரருக்கும். அவற்றை எதிர்த்து நின்ற நியூயார்க் காவல் அதிகாரி ஜோ பெத்ரோசினோவும் பதூலா என்ற ஊரில் பிறந்து வந்தவர்தான். துப்பு தேடிச் சிசிலி சென்ற அவரை 1909 மார்ச் 12 அன்று பலெர்மோவில் சுட்டுக் கொன்றார்கள்.

இந்தக் கேள்விக்கு ஒரு பழைய இரத்தக்கறையும் உண்டு. 1890-இல் நியூ ஆர்லியன்ஸ் காவல்துறைத் தலைவர் ஹென்னெசி கொல்லப்பட, பழி இத்தாலியர்கள் மேல் விழுந்தது. விசாரணைக்கு நின்ற யாரையும் நடுவர்கள் குற்றவாளி என்று சொல்லவில்லை. மறுநாள், 1891 மார்ச் 14 அன்று, ஆயிரக்கணக்கானோர் சிறையை உடைத்து 11 பேரைக் கொன்றார்கள். நகரின் மேயர் இதற்காக மன்னிப்புக் கேட்டது 2019-இல். ஓர் இனத்தின் பெயரோடு குற்றத்தை முடிச்சுப் போடும்போது இந்தப் பதினொரு பேர் என் நினைவுக்கு வருகிறார்கள்.

இவ்வளவு பாடுபட்டதற்கு ஊருக்கே திரும்பியிருக்கலாமே?

திரும்பினார்கள்! நான்கு வாரமும் நான் தொண்டை வறளச் சொன்னது இதைத்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கா போன இத்தாலியர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஊர் திரும்பினார்கள். குடியேறுவது அவர்கள் எண்ணமாகவே இருக்கவில்லை. மூன்று நான்கு ஆண்டு தண்டவாளம் போட்டு, சுரங்கம் வெட்டி, சொந்த ஊரில் துண்டு நிலம் வாங்குவதுதான் திட்டம். முதல் கேள்வியில் 'எண்ணப்பட்டது புறப்பாடு' என்று சொன்னது இதனால்தான்.

திரும்பியவர்களை ஊரார் 'அமெரிக்கானோ' என்றார்கள். அவர்கள் கட்டிய வீட்டில் ஜன்னல் பெரிதாக இருக்கும், ஆடு மாடு வேறு கொட்டகையில் இருக்கும். பணம் அனுப்பும் வழியில் தரகர்கள் ஏமாற்றியதால், 1901-இல் நேபிள்ஸ் வங்கியிடம் அந்தப் பொறுப்பை அரசே ஒப்படைத்தது.

அங்கே போயும் இத்தாலிய மொழியை விடவில்லையாமே?

விடுவதற்கு முதலில் அது இருந்திருக்க வேண்டும். 1861-இல் பொது இத்தாலிய மொழி தெரிந்தவர்கள் மிகச் சிறுபான்மையினர். ஒரு மதிப்பீட்டின்படி நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. மற்றவர்கள் சிசிலிய மொழி, நேபிள்ஸ் மொழி, வெனெத்தோ மொழி என்று பேசினார்கள். ஒருவர் பேச்சு இன்னொருவருக்குப் பிடிபடாது. ஊரில் இருந்தவரை அவர்கள் கலாப்ரியாக்காரர், ஜெனோவாக்காரர். அந்நிய ஊரில் மற்றவர்கள் 'இத்தாலியன்' என்று கூப்பிட்ட பிறகே பலர் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தார்கள்.

இந்தப் போக்கு எப்போது நின்றது?

அமெரிக்கக் கதவு 1924-இல் சாத்தப்பட்டது. அந்த ஆண்டின் சட்டம் இத்தாலிக்கு ஒதுக்கியது ஆண்டுக்கு 3,845 பேர். அதற்கு முந்தைய காலத்தில் ஆண்டுக்கு இரண்டு லட்சம் பேர்வரை போனார்கள் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இத்தாலியில் முசோலினியும் ஆட்களை வெளியே விட விரும்பவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மறுபடி தொடங்கியது: அர்ஜென்டினா, வெனிசுவேலா, கனடா, ஆஸ்திரேலியா. 1951-இல் ஆஸ்திரேலியாவோடு ஒப்பந்தம் ஆனது. வந்தவர்களைப் போனெகில்லா முகாமில் தங்க வைத்தார்கள். சொன்ன வேலை கிடைக்காத கோபத்தில் 1952-இல் அங்கே கலவரமே நடந்தது. 1970-களில் போகிறவர்களைவிடத் திரும்புகிறவர்கள் அதிகமானார்கள்.

போரில் இத்தாலி எதிரணியில் இருந்ததே, அங்கே இருந்தவர்கள் கதி?

அமெரிக்காவில் குடியுரிமை பெறாத சுமார் 6 லட்சம் இத்தாலியர்கள் 'எதிரி நாட்டார்' ஆனார்கள். பேஸ்பால் வீரர் ஜோ டிமாஜியோவை நாடே கொண்டாடிக்கொண்டிருந்தது. மீனவரான அவருடைய தந்தை சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் மீன் பிடிக்கக் கூடாது என்று தடை. 1942 அக்டோபரில் அந்தக் கட்டுப்பாடுகள் நீங்கின. பிரேசிலில் 'பலெஸ்த்ரா இத்தாலியா' என்ற கால்பந்து அணி அதே ஆண்டு 'பால்மெய்ராஸ்' என்று பெயர் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

கொள்ளுத்தாத்தா இத்தாலியர் என்றால் இன்றும் அந்தக் குடியுரிமை கிடைக்குமா?

2025 மார்ச் வரை கிடைத்தது, எத்தனை தலைமுறை ஆனாலும். இரத்த உறவே போதும் என்பதுதான் அதுவரை சட்டம். அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் லட்சக்கணக்கானோர் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைத் தேடி அலைந்தார்கள். 2025-இல் வந்த புதிய சட்டம், பொதுவாகப் பெற்றோரோ தாத்தா பாட்டியோ இத்தாலியக் குடியுரிமை மட்டுமே கொண்டவராக இருக்க வேண்டும் என்று குறுக்கிவிட்டது. விதிவிலக்குகள் உண்டு, விண்ணப்பிக்க எண்ணுபவர்கள் தூதரகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

போப் பிரான்சிஸின் குடும்பம் மூழ்கிய கப்பலில் வரவேண்டியவர்களாமே, உண்மையா?

உண்மை என்று அவரே சொல்லியிருக்கிறார். மேலே சொன்ன 'பிரின்சிபெஸ்ஸா மஃபால்டா'வில் அவருடைய தாத்தா, பாட்டி, தந்தை மரியோ மூவரும் வர வேண்டியது. பியெட்மாண்டில் இருந்த சொத்து குறித்த காலத்தில் விற்காததால் தப்பினார்கள். 1929 தொடக்கத்தில் 'ஜூலியோ செசாரே' என்ற கப்பலில் அர்ஜென்டினா வந்து சேர்ந்தார்கள். தாத்தாவின் சகோதரர்கள் முன்பே பரானா நகரில் சாலை போடும் நிறுவனம் நடத்திவந்தார்கள். இங்கேயும் ஆள் பார்த்துத்தான் வந்தது. சில ஆண்டுகளில் பொருளாதார நெருக்கடியில் அந்த நிறுவனம் போய்விட, கடன் வாங்கிப் புவெனோஸ் அயர்ஸில் ஒரு கடை வைத்தார்கள். 1936-இல் பேரன் பிறந்தான். பாட்டி ரோசா அவனுக்குப் பியெட்மாண்ட் மொழியில் பேசக் கற்றுக்கொடுத்தார்.

அந்தப் பாட்டி கப்பலிலிருந்து இறங்கியது புவெனோஸ் அயர்ஸின் கடும் கோடையில். எல்லாரும் வியர்வையில் நனைந்துகொண்டிருக்க, அவர் மட்டும் நரித்தோல் கழுத்துப்பட்டி வைத்த கனத்த கோட்டைக் கழற்றவே இல்லை. வீட்டை விற்ற பணம் அதன் உள்துணியில் தைக்கப்பட்டிருந்தது.